கிழிந்த சட்டையில் கிழியாத பாகம்

சட்டை முழுதும் ஒரே சமயத்தில் பழசாவதில்லை. முதலில் காலர் மடிப்பு நையும். அடுத்து கஃப் ஓரம், பிறகு அக்குள். சட்டைப் பையில் பேனா செருகுகிறவர் என்றால் பையின் அடியில் ஒரு மைக்கறை இருக்கும். இவ்வளவு ஆனதும், வெளியே போட்டுப்போக லாயக்கில்லை என்று அலமாரியின் அடித்தட்டுக்குத் தள்ளிவிடுகிறோம். அதை எடுத்து முதுகுப் பக்கத்தை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவு குலையாமல் இருக்கும். பொத்தான் பட்டியும் காஜாவும் தைத்து வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். தேய்ந்தது கொஞ்சம், தேயாதது நிறைய.

பழைய துணியை வெட்டிப் புதுப்பொருள் தைக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும் என்பேன். ஒன்று, எந்தப் பாகத்தில் இன்னும் பலம் இருக்கிறது என்று பார்க்கத் தெரிவது. இன்னொன்று, முன்பு ஒரு தையல்காரர் செய்துவைத்த வேலையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது. காஜா எடுப்பது, ஜிப் வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது இவைதான் தையலில் புதியவரைப் படுத்தும் வேலைகள். பழைய உடுப்பில் இவை ஏற்கெனவே முடிந்து கிடக்கின்றன. அவற்றை ஒட்டியே பொருளைத் திட்டமிட்டால், மிஷினில் நேர்கோடு மட்டும் அடிக்கத் தெரிந்தவரும் உருப்படியாக ஒன்றைச் செய்துவிடலாம்.

பாத்திரக்காரரிடம் போட்டால் போதாதா?

பழைய துணியை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ கொடுப்பவரிடம் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அதுவும் நல்ல ஏற்பாடுதான். குப்பைமேட்டுக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். உடுத்தும் நிலையில் உள்ளவை மறுபடி விற்பனைக்குப் போகும். மற்றவை பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் துணியாகும், அல்லது கிழித்து நாராக்கப்படும். ஹரியானாவிலுள்ள பானிபட் இந்த நார் வேலைக்கு உலக அளவில் பேர்போன ஊர். வெளிநாடுகளில் கழித்துக்கட்டிய கம்பளி உடுப்புகள் கப்பலில் வந்து, அங்கே கிழிபட்டு, நூலாகி, மலிவுப் போர்வையாக மாறுகின்றன. வெள்ள நிவாரணமாகக் கொடுக்கும் சொரசொரப்பான போர்வைகளில் பல அந்த ஊர்ச் சரக்கு. நம் திருப்பூர், கோவைப் பகுதியிலும் பனியன் வெட்டுத்துணியைத் திரும்பப் பஞ்சாக்கி நூற்கும் மில்கள் உண்டு.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. துணியைப் பல் வைத்த உருளைகளில் கொடுத்துக் கிழிக்கும்போது இழைகள் அறுந்து குட்டையாகின்றன. குட்டை இழையில் சன்னமான நூல் வராது. மொத்த நூல்தான் வரும்; அதற்கும் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டியிருக்கும். சட்டைத்துணி மறுபடி சட்டைத்துணியாவது அரிது. பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் கலந்திருந்தால் இரண்டையும் பிரிப்பது இன்னும் பெரிய பாடு. துணியைத் துணியாகவே வைத்துக்கொண்டு வேறு பொருளாகத் தைத்தால் இந்த நஷ்டம் இல்லை. பருத்திக்குப் பாய்ந்த தண்ணீர், நூற்பு, நெசவு, சாயம் என்று முன்பே செலவானது எதுவும் வீணாகாமல் கையில் நிற்கிறது.

அந்தச் செலவு லேசானதல்ல. 2018-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கடைப் பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. புதுப் பருத்தியில் செய்த பை சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால் 52 முறை பயன்பட வேண்டும். தண்ணீர், ஓசோன் என்று எல்லா அளவுகோல்களிலும் ஈடாக 7,100 முறை பயன்பட வேண்டும் என்றது. துணிப்பைக்கு எதிராக இந்த எண்ணைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் உண்டு. தெருவிலும் கால்வாயிலும் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். அவ்வளவு பெரிய எண் வருவதற்குக் காரணம் பருத்தியை விளைவித்துத் துணியாக்கும் வேலை. பழைய வேட்டியில் தைத்த பைக்காக யாரும் புதிதாகப் பருத்தி போடவில்லை. நூலும் மின்சாரமும்தான் புதுச் செலவு.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. பிறகு 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களையும் வைத்தார்கள். நல்லதுதான். ஆனாலும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொத்தாகத் தொங்கும் வீட்டில், இன்னொரு பை தைப்பதற்கு முன் அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. தையல் பழகிய புதிதில் பையாகத் தைத்துத் தள்ளுகிற ஆசை எல்லோருக்கும் வரும். வீட்டில் எது இல்லையோ அதைத் தைப்பதே சரி.

வெட்டுவதற்கு முன்

இன்னும் யாராவது உடுத்தக்கூடிய உடுப்பை வெட்டாதீர்கள். உடுப்பாகவே இருப்பதுதான் அதற்கு அதிகப் பயன். காலர் நைந்தது, கறை பட்டது, முழங்கால் கிழிந்தது, ஜிப் போய் மாற்ற மனமில்லாதது இவைதான் நமக்கு வேண்டியவை.

வீட்டுத் துணி என்றால் ஒரு துவைப்பு போதும். பழைய துணிக் கடையிலோ பிறரிடமோ வாங்கியது என்றால் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரங்களில் அழுத்தி இஸ்திரி போட்டுவிடுங்கள். மூட்டைப்பூச்சி முட்டை ஒளிந்திருப்பது அந்த மடிப்புகளில்தான். சூடு பட்டால் செத்துப்போகும்.

பழந்துணியில் புதுத்துணியிடம் இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனையோ முறை துவைத்ததால் சுருங்க வேண்டியது சுருங்கியாயிற்று, போக வேண்டிய சாயமும் பெரும்பாலும் போயாயிற்று. தைத்த பிறகு ஏமாற்றாது. ஆனால் அதோடு புதுத்துணியைச் சேர்த்துத் தைப்பதானால் புதுசை முதலில் நனைத்துக் காயவைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே புதுத்துணி மட்டும் சுருங்கி, பொருள் கோணிக்கொள்ளும். அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை மட்டும் நம்பாதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, துணி என்ன ரகம் என்று தெரிய வேண்டும். லேபிள் இருந்தால் பார்க்கலாம். பழைய துணியில் பெரும்பாலும் எழுத்து அழிந்திருக்கும். உள்மடிப்பிலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும். ஆறியபின் நுனியில் கடினமான கறுப்பு மணி நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். அவற்றின் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்புத்துணி. இந்தச் சோதனை வேடிக்கைக்கு அல்ல. பாலியஸ்டர் கலந்த துணியில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி தைத்தால், சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். கால்மிதியாகத் தைத்தால் தண்ணீரை உறிஞ்சாது. அதே துணியில் காய்கறிப்பை தைத்தால் பருத்தியைவிட நெடுநாள் வரும், சீக்கிரம் காயும். துணியில் குற்றமில்லை, பொருத்தம்தான் பார்க்க வேண்டும்.

பலம் பார்ப்பது

துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் நைந்த இடம் தானே தெரியும். அங்கே வெளிச்சம் அதிகமாக ஊடுருவும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தாங்கினால் சரி. நூல் விட்டுக்கொடுக்கும் மெல்லிய ‘கிர்’ சத்தம் கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இற்றுப்போன துணியில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் தையலுக்குப் பக்கத்தில் கிழியும்.

ஒவ்வோர் உடுப்பும் தேய்வதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பேன்ட்டில் உட்காரும் இடம், தொடை உட்புறம், முழங்கால், குதிகாலில் உரசும் கால் ஓரம் போகும். கெண்டைக்காலை மூடும் பின்பக்கமும் முன்தொடையும் கெட்டியாக இருக்கும். வேட்டியில் இடுப்பில் செருகும் இடமும் நடக்கும்போது இழுபடும் கீழ்ப்பகுதியும் நையும். கரை மட்டும் கடைசிவரை நிற்கும். சேலையில் கொசுவத்தின் அடியைக் கால் மிதித்து மிதித்துக் கிழிக்கும், ஃபால்ஸ் வைத்திருந்தால் கொஞ்சம் தாங்கும். தோளில் ஊக்கு குத்தும் இடத்தில் பொடித் துளைகள் வரிசையாக இருக்கும். உள்சுற்றில் மறைந்திருந்த பாகம்தான் சாயம்கூட மங்காமல் இருக்கும்; சேலையின் உண்மையான நிறத்தை அங்கே பார்க்கலாம்.

பட்டுச்சேலை தேய்வது வேறு விதம். உடுத்திக் கிழிந்ததைவிட மடித்து வைத்துக் கிழிந்தவையே அதிகம். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் பெட்டிக்குள் கிடந்தால் மடிப்புக்கோட்டில் பட்டு விட்டுப்போகும், ஜரிகை முறியும். மடிப்புகளுக்கு இடையிலுள்ள கட்டங்கள் நன்றாக இருக்கும். ஆகவே பட்டை எடுத்தவுடன் மடிப்புக்கோடுகளைச் சாக்கட்டியால் குறித்துவிட்டு, அவற்றுக்கு நடுவில் கிடைக்கும் துண்டுகளில் என்ன தைக்கலாம் என்று யோசியுங்கள். பழைய காஞ்சிப் பட்டு என்றால் கத்தரி வைப்பதற்கு முன் இன்னொன்றும் செய்ய வேண்டும். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றித் தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகவே பழைய பட்டுச்சேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜரிகை அசலா என்று நம்பிக்கையான இடத்தில் பார்த்துவிட்டு, விற்பதா தைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

வெட்டுவது நூல்வாக்கில் இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்துக் கோணிப்போன துணியில் கண்ணளவை நம்ப முடியாது. ஓரத்தில் சின்னதாக நறுக்கி ஒரு நூலைப் பிடித்து மெல்ல உருவினால், அது போன வழியே ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் துண்டு சதுரமாக வரும். ஜவுளிக்கடையில் நறுக்கிவிட்டுச் சரக்கென்று கிழிப்பார்களே, கெட்டியான பருத்தியில் அதையும் செய்யலாம். நைந்த துணியில் வேண்டாம். கிழிசல் போகக்கூடாத பக்கமெல்லாம் போகும்.

பேன்ட் கால், முதல் பாடம்

புதியவர்களுக்கு நான் சொல்வது ஜீன்ஸ் காலில் தண்ணீர் பாட்டில் உறை. முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுத்தால் ஒரு குழாய் கிடைக்கிறது. பக்கத் தையல் இருக்கிறது, கால் ஓரம் மடித்து அடித்தது அப்படியே பையின் வாயாகிவிடுகிறது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெட்டிய பக்கத்தில் குறுக்கே இரண்டு முறை நேர்த்தையல் போடுங்கள். இரண்டு மூலைகளையும் தனித்தனியே முக்கோணமாகப் பிடித்து, 3 அங்குல நீளத்துக்குக் குறுக்கே ஒரு தையல் போட்டால் பாட்டில் நிற்கத் தட்டையான அடி வந்துவிடும். தோளில் மாட்டும் பட்டைக்கு மற்றொரு காலைப் பாருங்கள். இரட்டைத் தையல் ஓடும் பக்கத்தை, தையல் நடுவில் வருமாறு ஒரு அங்குல அகலத்துக்கு நெடுக வெட்டினால், அதுவே பட்டை. ஓரத்தில் கொஞ்சம் பிசிறு வரும். ஜீன்ஸுக்கு அதுவும் அழகுதான்.

ஜீன்ஸுக்கு மிஷினில் 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி வேண்டும். தையல்மேல் தையல் வரும் தடித்த இடங்களைச் சுத்தியலால் தட்டிப் படியவைத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி மெதுவாகக் கடந்தால் ஊசி ஒடியாது. சாதாரணப் பருத்திச் சட்டைக்கு 14, பட்டுக்கு 11 போதும். எந்தத் துணிக்கும் முனை மழுங்கிய ஊசி வேண்டாம். பழைய துணியில் அது நூலை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போகும். தையல் நீளத்தையும் சற்றுக் கூட்டிவையுங்கள். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் நல்ல அளவு. பொடித்தையல் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நைந்த துணியில் பொடித்தையல் நெருக்கமான துளை வரிசையாகி, அதே கோட்டில் கிழிய வழி செய்துவிடும்.

சட்டையில் குஷன் உறை

முன்னால் செய்துவைத்த வேலையைப் பயன்படுத்துவது என்றேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கடையில் வாங்கும் உறையில் பின்பக்கம் ஜிப் இருக்கும். நம் உறையில் சட்டையின் பொத்தான் பட்டியே திறப்பு.

சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டு, மேசைமேல் சுருக்கமில்லாமல் விரியுங்கள். 16 அங்குலச் சதுரக் குஷன் என்றால், அக்குளுக்குக் கீழே, பொத்தான் பட்டி நடுவில் வருமாறு 17 அங்குலச் சதுரம் வரையுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு. முன்பக்கத் துணி நழுவாமல் ஊசி குத்திக்கொண்டு, முன்னும் பின்னும் இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடலாம். பெரிய ஆள் சட்டையில் இந்த அளவு தாராளமாகக் கிடைக்கும். சட்டைப் பையின் அடிப்பகுதி சதுரத்துக்குள் வந்தால் முதலிலேயே பிரித்து எடுத்துவிடுங்கள். பாதிப் பை தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது. நெடுநாள் வெயில் படாத அந்த இடம் மட்டும் கொஞ்சம் அடர்நிறமாகத் தெரியும். அதன்மேல் வேறு துணியில் ஒரு பூவோ யானையோ வெட்டி ஒட்டுத்தையல் போடலாம். கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளில் துணியை வெட்டித் துணிமேல் வைத்துத் தைத்திருப்பார்களே, அந்த வேலைதான்.

சதுரத்தின் மேல், கீழ் வெட்டுக்கோடுகளுக்கு மிக அருகில் பொத்தான் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். மிஷின் ஊசி பொத்தானில் பட்டால் ஒடிந்து கண்ணுக்கு நேரே தெறிக்கும். பிறகு துணியின் நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, நடுவில் இரண்டு பொத்தானைக் காஜாவிலிருந்து திறந்துவிட்டு, நாலு பக்கமும் தைத்து, மூலைகளைக் கொஞ்சம் நறுக்கி, பொத்தான் வழியே கைவிட்டுத் திருப்புங்கள். வேலை முடிந்தது. தாத்தாவின் சட்டையில் பேரனுக்குத் திண்டு என்று இதைச் செய்துகொடுக்கிறவர்கள் பலர். செலவு குறைந்த பரிசு, வாங்குகிறவர் தூக்கிப் போடவும் மாட்டார்.

பொத்தான், ஜிப் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள். பேன்ட்டின் உலோக ஜிப் துணியைவிட அதிக நாள் உழைக்கும். எலாஸ்டிக்கை மட்டும் சேர்க்க வேண்டாம்; பழைய எலாஸ்டிக் தைத்த மாதமே தொய்ந்துவிடும்.

சுமை தாங்கும் பை

கரை வேட்டி, பேன்ட், கெட்டியான பருத்திச் சேலை மூன்றும் பைக்கு ஏற்றவை. பையின் உடலைவிடக் காதுகளும் பக்கத் தையலும்தான் முதலில் போகும். பக்கத்தை இரண்டு முறை தைத்துவிடுங்கள். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஓரத்தை ஒட்டித் தைத்து, பிசிறை நறுக்கி, உள்ளே திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே சிக்கும்படி மறுபடி ஒரு தையல். ஓவர்லாக் மிஷின் தேவையில்லை, துவைத்தாலும் நூல் பிரியாது. காதுக்கு 4 அங்குல அகலத் துண்டை நாலாக மடித்து ஒரு அங்குலப் பட்டையாக்குங்கள். வேட்டியின் கரை கிடைத்தால் அதைவிட நல்லது. பையில் காதை வைக்கும் இடத்தில் பின்பக்கம் இன்னொரு துண்டு கொடுத்து, சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டால் ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும்.

சேலையும் பனியனும்

தேய்ந்த பருத்திச் சேலைக்கு நம் நாட்டில் நெடுங்காலமாகவே ஒரு வழி இருக்கிறது. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என்று பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: பழைய துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முழுப் பரப்பிலும் ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குவது. தனியாக நின்றால் கிழியும் துணி, அடுக்கில் சேர்ந்ததும் இழுவையைப் பகிர்ந்துகொள்கிறது. நெருங்கிய தையல் அடுக்குகளை நழுவ விடுவதில்லை. ஜப்பானின் வடகோடியில், பருத்தி விளையாத குளிர் நாட்டில், ஏழைக் குடியானவர்கள் கிடைத்த ஒட்டுத்துணிகளையெல்லாம் இப்படி அடுக்கித் தைத்து உடுத்தினார்கள். போரோ என்று அழைக்கப்படும் அந்த உடுப்புகளை இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் கனத்த போர்வைக்கு அவ்வளவு தேவை இருந்ததில்லை. இங்கே பழஞ்சேலை தூளியாயிற்று, பழைய வேட்டி குழந்தைக்குக் கோவணத்துணியும் விளக்குக்குத் திரியும் ஆயிற்று.

வீட்டில் செய்துபார்க்க இரண்டு மூன்று சேலை போதும். தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கம் நீக்கி, பெரிய பெரிய தையலாக முதலில் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கையூசியால் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல். இதற்குப் பருத்தி நூல்தான் வேண்டும். கனத்த பாலியஸ்டர் நூல் துணியைவிடப் பலமானது. இழுபடும்போது நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம், துணி அறுந்தால் என்ன செய்வது? மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. அவசரப்படுகிறவர்கள் தொடங்கவே வேண்டாம்.

பனியன், டி-சர்ட் துணி பின்னல் துணி. வீட்டு மிஷினில் இழுத்துக்கொண்டு தையல் விடும். உருண்டை முனை ஊசி போட்டால் ஓரளவு சரியாகும். அதைத் தைக்காமலே பயன்படுத்தலாம் என்பது என் கட்சி. ஒரு அங்குலப் பட்டைகளாக வெட்டி இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தால், ஓரம் உள்ளே சுருண்டு கயிறாகிவிடும், பிசிறும் வராது. மூன்று கயிற்றைச் சடை பின்னுவதுபோல் பின்னி, வட்டமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று கையூசியால் பிடித்தால் தண்ணீர் உறிஞ்சும் நல்ல கால்மிதி. சுற்றும்போது இறுக்கி இழுத்தால் கிண்ணமாகக் குழிந்துவிடும்; தரையில் வைத்தபடியே தைக்க வேண்டும்.

விற்கலாமா?

துணி இலவசம், ஆகவே மலிவாக விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள். துவைக்க, பிரிக்க, பலம் பார்க்க, நூல்வாக்கில் வெட்ட ஆகும் நேரம் தைக்கும் நேரத்தைவிட அதிகம். ஒன்றைப்போல் இன்னொன்று வராது. நூறு பை ஒரே மாதிரி கேட்டால் கொடுக்க முடியாது. கடையில் விற்கும் பையோடு விலையில் போட்டி போட்டால் கூலி கட்டாது. ஓடுகிற வழி ஒன்று உண்டு. வாடிக்கையாளரையே துணி கொண்டுவரச் சொல்லி, அவருடைய அம்மாவின் சேலையிலோ பிள்ளையின் சின்ன வயதுச் சட்டைகளிலோ போர்வையும் உறையும் தைத்துக்கொடுத்துக் கூலி மட்டும் வாங்குவது. அந்தத் துணிக்கு அவர் கண்ணில் விலையே கிடையாது. உங்கள் நேரத்துக்கு மட்டும் விலை பேசலாம்.

விற்காமலே உலகம் சுற்றிய ஒன்றும் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா என்ற உடை வடிவமைப்புக் கூடம் அக்கம்பக்கத்து மீனவப் பெண்களுக்குத் துண்டுத்துணியில் விரலளவு பொம்மை செய்யப் பழக்கியது. சுனாமிகா என்று பெயர். அந்தப் பொம்மைக்கு விலை வைக்கவில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். பெற்றவர்கள் விரும்பித் தந்த நன்கொடையில் வேலை நடந்தது. லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. எல்லோராலும் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் மிஷின்கூட இல்லாமல், உள்ளங்கை அகலத் துண்டில் என்ன செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

மிச்சத் துண்டுகள்

எவ்வளவு சிக்கனமாக வெட்டினாலும் காலர், கஃப், இற்ற பகுதி என்று ஒரு குவியல் மிஞ்சும். பருத்தித் துண்டுகளைப் பொடியாக நறுக்கித் திண்டுக்குள் அடைக்கலாம். பஞ்சைவிடக் கனமாக இருக்கும், உட்காரும் மோடாவுக்கு ஏற்றது. விளக்குத்திரிக்குச் சுத்தப் பருத்தி மட்டும்தான் ஆகும். இப்போது வேட்டியிலும் பாலியஸ்டர் கலக்கிறார்கள், ஆகவே தீக்குச்சிச் சோதனை செய்துவிட்டுத் திரியாக்குங்கள். தனியே அடைத்து வைத்தால், பழைய துணி சேகரிக்கும் தொண்டு அமைப்புகள் சிலவும் வாங்கிக்கொள்ளும். 1999-இல் தொடங்கிய கூஞ்ச், பழைய பருத்தித் துணியிலிருந்து கிராமப் பெண்களுக்கு மாதவிடாய்த் துணிகள் தயாரிக்கிறது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. எதைக் கொடுத்தாலும் துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

பாலியஸ்டர் துண்டுகளை மட்டும் வாசலில் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். உருகி எரியும் பிளாஸ்டிக்கின் புகைதான் அது. உலர்குப்பையில் தனியாகக் கட்டிப் போடுங்கள்.